கரும்பலகையில் ஆண்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வரலாற்று ஆசிரியர்களே,

முப்பத்தோரு வருடம் சாக்பீஸ் பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். பாடத்திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்லி, அதை நீங்கள் செய்யாமல் இருக்க வழி சொல்லத்தான் இந்த மடல்.

ரோமானிய வரலாறு தொடங்கும் நாளில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பலகையின் இடது ஓரத்தில் 'கி.மு. 753' என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு இழுப்பேன். "ரோம் நகரம் தோன்றிய ஆண்டு. குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மதிப்பெண் கேள்வி." ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், கி.மு. 753ல இருந்தவங்களுக்கு அது கி.மு.ன்னு எப்படி சார் தெரியும்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்காருடா" என்றேன்.

உங்கள் வகுப்பிலும் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அன்றைக்கு அந்த வகுப்பில் உருப்படியாகக் கேட்கப்பட்டது அந்த ஒரு கேள்விதான்.

அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. அவர்களுக்குத் தெரியாது. ரோம் உருவானபோது யாரும் ஆண்டைக் குறித்து வைக்கவில்லை. சுமார் எழுநூறு வருடம் கழித்து, கி.மு. முதல் நூற்றாண்டில், வாரோ என்ற பெரும் அறிஞரின் பெயரில் நிலைத்த கணக்குதான் 753. அவருக்கு முன்னாலேயே ஆளுக்கொரு ஆண்டு சொல்லியிருந்தார்கள். கிரேக்கரான டிமயஸின் கணக்கு கி.மு. 814 பக்கம் போகிறது. ரோமின் முதல் வரலாற்றாசிரியரான ஃபேபியஸ் பிக்டர் சொன்னது 748 ஒட்டி வருகிறது. சின்சியஸ் அலிமென்டஸ் சொன்னது 729 ஒட்டி. எண்பது வருடத்துக்கு மேல் இழுபறி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாரோ தன் நண்பரும் சோதிடருமான டருட்டியஸிடம், ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் வாழ்க்கைச் சம்பவங்களைக் கொடுத்து, அவன் பிறந்த நேரத்தைக் கணித்துத் தரச் சொன்னதாக புளூடார்க் எழுதியிருக்கிறார். டருட்டியஸும் ரோமுலஸ் கருவான நாள், பிறந்த நாள், நகரத்துக்கு அடித்தளமிட்ட நாள் எல்லாவற்றையும் கணித்துக் கொடுத்துவிட்டாராம். ஜாதகம் தொலைந்தவருக்கு, நடந்த நல்லது கெட்டதை வைத்து 'நஷ்ட ஜாதகம்' எழுதுவார்களே, அதேதான். நாம் இரண்டு கோடு இழுக்கும் ஆண்டுக்குப் பின்னால் இந்தக் கூத்தும் இருக்கிறது.

அப்படியானால் 753-ஐ அழித்துவிடலாமா? வேண்டாம். மண்ணும் கொஞ்சம் பேசுகிறது. 1948-இல் ரோமின் பாலடைன் குன்றின் பாறையில் இரும்புக் காலத்துக் குடிசைகளின் கம்பக் குழிகள் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டையொட்டி அந்தக் குன்றில் ஆட்கள் குடியிருந்தது உறுதி. ஆனால் பக்கத்திலுள்ள கேபிடோலைன் குன்றில் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய வெண்கலக் காலத் தடயங்கள் இருக்கின்றன. ஊர் ஒரே நாளில் பிறக்கவில்லை. குடிசை குடிசையாகச் சேர்ந்தது. பிறந்தநாள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏப்ரல் 21 எப்படி ஒட்டியது என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அது ஆட்டுக்காரர்களின் விழா. பெயர் பரிலியா. பேலஸ் என்ற மேய்ச்சல் தெய்வத்துக்குரியது. ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் 'ஃபாஸ்டி' நூலில் அதை விலாவாரியாக எழுதியிருக்கிறார். பொழுது சாயும்போது ஆடுகளின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். பட்டியைப் பெருக்கி, இலைதழைகளால் அலங்கரித்து, வாசலில் மாலை தொங்கவிடுவார்கள். கந்தகம் கொளுத்துவார்கள். நீலப் புகை ஆடுகளின் மேல் படியும்போது அவை கத்தும். கூடையில் சிறுதானியமும் அதில் செய்த அடையும், கறந்த பாலும் படையல். கிழக்கே பார்த்து நான்கு முறை வேண்டுதல், பனித்துளியில் கை கழுவல், காய்ச்சிய திராட்சைச் சாறு கலந்த பால் குடித்தல். கடைசியில் வைக்கோல் குவியல்களைக் கொளுத்தி, அந்தத் தீயைத் தாண்டுவார்கள். தானும் தாண்டியதாக ஓவிட் சொல்கிறார். இந்தச் சடங்கில் எங்கே இருக்கிறது தலைநகரம்? புகையும் ஆடும் பாலும்தான் இருக்கின்றன. ரோமுலஸ் ஆடு மேய்த்தவன் என்று கதை இருந்ததால், மேய்ப்பர்களின் நாளே நகரத்தின் நாளாகிவிட்டது.

இந்த இணைப்பு எழுத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சுவர் இருக்கிறது. 1915-இல் ரோமுக்குத் தெற்கே கடலோரத்து அன்சியோவில், நீரோவின் மாளிகை இருந்த இடத்தில், சுண்ணச் சாந்தின் மேல் கறுப்பிலும் சிவப்பிலும் எழுதிய நாட்காட்டி ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்துவதற்கு முந்தைய ரோமானிய நாட்காட்டிகளில் நமக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். நம் வீட்டுத் தினசரி காலண்டர் தாளில் நல்ல நேரம், எமகண்டம் போட்டிருப்பதுபோல, இதில் ஒவ்வொரு நாளுக்கும் எழுத்துக் குறி உண்டு. எஃப் என்றால் வழக்கு நடத்தலாம். என் என்றால் கூடாது. சி என்றால் மக்கள் சபை கூடலாம். எட்டு நாளுக்கு ஒருமுறை வரும் சந்தைக்கு ஏ முதல் எச் வரை எழுத்து. ஜூலைக்கு 'குவின்டிலிஸ்', ஆகஸ்டுக்கு 'செக்ஸ்டிலிஸ்' என்ற பழைய பெயர்கள். ஏப்ரல் 21-க்கு நேரே பரிலியா என்றும், அதோடு 'ரோம் நிறுவப்பட்டது' என்றும் சுருக்கமாக எழுதியிருக்கிறது. ஆக, கி.மு. முதல் நூற்றாண்டில் இந்த நம்பிக்கை சுவரேறிவிட்டது. அந்த நூற்றாண்டில் மக்கள் அப்படி நம்பினார்கள் என்பதற்கு இது சாட்சி. நகரம் அன்று பிறந்தது என்பதற்குச் சாட்சியாகாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டால் போதும், பாதி வரலாறு சொல்லிக் கொடுத்த மாதிரி.

அந்தச் சுவரில் பன்னிரண்டு மாதங்களுக்கு அப்பால் பதின்மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கிறது. அது இடைச்செருகல் மாதம். அன்றைய ரோமானிய ஆண்டுக்கு 355 நாள்தான். சூரியனோடு ஒத்துப்போக அவ்வப்போது ஒரு மாதத்தை நுழைக்க வேண்டும். அதை முடிவு செய்தவர்கள் குருமார்கள். அவர்களே அரசியல்வாதிகளும். வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் என்றால் சுருங்கும். எவ்வளவு தூரம் தடம் புரண்டது என்பதற்குக் கிரகணமே சாட்சி. ஜூலை 11-இல் சூரிய கிரகணம் வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கும் நிகழ்ச்சி, வானியல் கணக்குப்படி கி.மு. 190 மார்ச் 14-இல் நடந்தது. நான்கு மாத வித்தியாசம்! அறுவடை விழா அறுவடைக்கு வராது, மேய்ப்பர் விழா மேய்ச்சலுக்கு வராது. இதைச் சீராக்க சீசர் கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாளாக நீட்ட வேண்டியிருந்தது.

சீராக்கிய பிறகும் சறுக்கினார்கள், அந்தச் சறுக்கல் கணக்கு ஆசிரியருக்கும் பிடிக்கும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் சேர்க்கச் சொன்னார் சீசர். ரோமானியர்கள் எண்ணும்போது இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள். நம் பல வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் ஒன்றாக எண்ணுகிறோமே, அந்த மாதிரி. விளைவு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாள் சேர்ந்துகொண்டே போனது. பின்னால் பேரரசரான அகஸ்டஸ் வந்து சில லீப் நாட்களை விட்டுவிடச் செய்துதான் சரியானது.

மாத நாட்களையும் அவர்கள் பின்னோக்கித்தான் எண்ணினார்கள். மாதத்தின் முதல் நாள் கலெண்ட்ஸ். மாதத்தின் பிற்பாதியில், அது வர எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான் தேதி. 'நவம்பர் கலெண்ட்ஸுக்குப் பதினாறாம் நாள்' என்றால் என்ன என்று வகுப்பில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டுக் கேளுங்கள். அக்டோபர் 17 முதல் 31 வரை பதினைந்து, நவம்பர் 1 சேர்த்துப் பதினாறு. விடை அக்டோபர் 17. இந்தத் தேதி வெறும் பயிற்சிக்கு வைத்ததில்லை, பின்னால் வேலை இருக்கிறது. ஏப்ரல் 21-ஐ அவர்கள் எப்படி எழுதியிருப்பார்கள் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

எண்ணுவதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழியம் கிடையாது. கவிஞர் வெர்ஜில் பிறந்தது கி.மு. 70. இரண்டாயிரம் ஆண்டு நிறைவது 1931-இல். ஆனால் இத்தாலி விழா எடுத்தது 1930-இல். எழுபதையும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதையும் கூட்டி முடித்துவிட்டார்கள். அகஸ்டஸ் விஷயத்தில் கணக்கு சரியாக விழுந்தது: பிறப்பு கி.மு. 63, நிறைவு 1938 செப்டம்பர் 23.

அந்த 1938-தான் இந்த மடலில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம். ஆண்டு நிறைவு என்பது ஆட்சியில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் கைப்பிடி. ரோமானியப் பேரரசர்களுக்கே அது தெரியும். கி.மு. 17-இல் அகஸ்டஸ் 'நூற்றாண்டு விழா' எடுத்தார். உயிரோடிருக்கும் யாரும் பார்த்திராத, இனியும் பார்க்க முடியாத விழா என்று முரசறைந்து அழைப்பது வழக்கம். அறுபத்துமூன்று வருடம் கழித்து, கி.பி. 47-இல், நகரம் பிறந்து எண்ணூறு வருடம் என்று வேறு கணக்குப் போட்டு கிளாடியஸ் அதே விழாவை மறுபடி எடுத்தார். முரசறைந்தவனின் அறிவிப்பைக் கேட்டு ஜனங்கள் சிரித்தார்களாம். முந்தைய விழாவைப் பார்த்த கிழவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். அதில் ஆடிய கூத்தர் சிலர் இதிலும் ஆடினார்கள் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். ஹேட்ரியன் காலத்துத் தங்க நாணயம் ஒன்றில் நகரத்தின் வயது 874 என்றே பொறித்திருக்கிறது, அதாவது கி.பி. 121. கி.பி. 248-இல், பேரரசு உள்ளும் புறமும் ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், அரேபியர் ஃபிலிப் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடி, சிங்கமும் நீர்யானையும் பொறித்த நாணயங்களை வெளியிட்டார். அடுத்த வருடமே அவர் ஆட்சி போனது, உயிரும் போனது.

அந்தக் கைப்பிடியை இருபதாம் நூற்றாண்டில் முசோலினி பிடித்தார். தொழிலாளர்களின் மே தினத்தை 1923-இல் நீக்கிவிட்டு, ஏப்ரல் 21-ஐ உழைப்பின் விழாவாக்கினார். தன் கட்சி ரோமுக்குள் அணிவகுத்து வந்ததன் பத்தாம் ஆண்டு நிறைவான 1932 அக்டோபர் 28-க்குள், கொலோசியம் வரை நேராக ஒரு சாலை வேண்டும் என்று குடியிருப்புகளை இடித்தார், வெலியா குன்றையே வெட்டி இறக்கினார். அகஸ்டஸின் கல்லறையைச் சுற்றியிருந்த தெருக்களுக்கும் அதே கதி. அந்தக் கல்லறைக்கு மேல் 1936 வரை ஒரு இசையரங்கு நடந்துகொண்டிருந்தது. அதையும் தகர்த்தார்கள். அகஸ்டஸின் 'அமைதிப் பலிபீடம்' வேறொரு இடத்தில், ஒரு மாளிகையின் அடியில், நிலத்தடி நீருக்குள் கிடந்தது. சுற்றிலும் குழாய் இறக்கி, கார்பன்-டை-ஆக்சைடால் மண்ணையே உறைய வைத்து, பனிச்சுவர் எழுப்பித் தோண்டி எடுத்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் அபாரம். எதற்கு இவ்வளவு அவசரம்? செப்டம்பர் 23-க்குள் திறப்பு விழா நடந்தாக வேண்டும். நடந்தது. விழாத் தேதி வைத்துத் தோண்டினால் தேடிய பொருள் கிடைக்கும். அதற்கும் மேலே இருந்த இடைக்கால வீடும் சந்தும், அங்கே வாழ்ந்தவர்களின் தடயமும் குப்பை வண்டியில் போகும்.

அகஸ்டஸ் கல்லறை இருக்கும் சதுக்கத்தில் 2021-இல் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகஸ்டஸ் கல்லறையின் சுற்றுப்புறத்தைச் சீரமைக்கும் பணியில் கழிவுநீர்க் குழாயை மாற்றிப் போடத் தோண்டியபோது, ஒரு டிராவர்டைன் கல் நின்ற இடத்திலேயே நின்றது. கிளாடியஸ் கி.பி. 49-இல் நகரத்தின் புனித எல்லையை விரிவாக்கி நட்ட எல்லைக்கல். ரோமுலஸ் கலப்பையால் உழுது போட்டதாகச் சொல்லப்படும் அந்த எல்லைக்குள் ஆயுதம் ஏந்தக்கூடாது, பிணம் புதைக்கக்கூடாது. அந்த வகைக் கல் ரோமில் கிடைத்து நூறு வருடம் ஆகியிருந்தது. அகஸ்டஸின் நூற்றாண்டு விழா விவரங்களைப் பொறித்த கல்வெட்டும், விழாப் பாடலை இயற்றியவர் ஹொரேஸ் என்ற வரியோடு, 1890-இல் டைபர் ஆற்றுக்குக் கரை கட்டியபோதுதான் வெளிவந்தது. ஆற்றுக்குக் கரை போட்டவர்களும் சாக்கடைக்குக் குழாய் போட்டவர்களும் எந்த மன்னனின் பிறந்தநாளுக்கும் தோண்டவில்லை. அதனால்தான் எல்லைக்கல் நின்ற இடம் கலையாமல் கிடைத்தது.

இனி என் தவறு. பாம்பேய் நகரம் எரிமலையில் புதைந்தது கி.பி. 79 ஆகஸ்ட் 24 என்று முப்பத்தோரு வருடமும் சொல்லிக் கொடுத்தேன். 25 என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் வெட்டியிருக்கிறேன். அந்தத் தேதி இளைய பிளினி எழுதிய கடிதத்திலிருந்து வருவது. கடிதத்தின் மூலம் நம்மிடம் இல்லை. இடைக்காலத் துறவிகள் கையால் படியெடுத்தவைதான் இருக்கின்றன, படிக்குப் படி தேதியில் வேறுபாடும் இருக்கிறது. நெருப்புத் தெய்வமான வல்கனின் விழா ஆகஸ்ட் 23. மறுநாளே எரிமலை வெடித்தது என்று சொல்லும்போது வகுப்பில் நல்ல எடுப்பாக இருக்கும். அந்த எடுப்பில் நானே மயங்கியிருக்கிறேன்.

2018-இல் பாம்பேயின் ஐந்தாம் வட்டாரத்தில் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது. தேதி: நவம்பர் கலெண்ட்ஸுக்குப் பதினாறாம் நாள். நீங்கள் காலண்டரில் எண்ணிய அதே அக்டோபர் 17. ஆகஸ்டில் புதைந்த ஊரில் அக்டோபரில் யார் எழுதினார்கள்? கரி எழுத்து நாள்பட நிற்காது, ஆகவே அது அந்த வருடத்ததுதான், வெடிப்பு அக்டோபர் கடைசியில் நடந்திருக்கும் என்று அகழாய்வாளர்கள் வாதிட்டார்கள். மாதுளம்பழங்கள், குளிர்காயும் கணப்புச் சட்டிகள், மூடி முத்திரையிட்ட திராட்சை மதுச் சாடிகள் என்று இலையுதிர்காலத் தடயங்கள் முன்பே கிடைத்திருந்தன. ஆனால் சுவரில் ஆண்டு எழுதவில்லை. முந்தைய வருட அக்டோபராகவும் இருக்கலாமே என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை. என் கையால் வெட்டிய அந்த அரை மதிப்பெண்களைத் திருப்பித் தர வழியில்லை. நீங்களாவது அந்தத் தேதியை எழுதும்போது பக்கத்தில் 'பிளினி கடிதத்தின் படிகளின்படி' என்றும், எதிரில் 'சுவர்க் கரி எழுத்து: அக்டோபர் 17' என்றும் எழுதிவிடுங்கள். எது சரி என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். அந்த ஒரு பீரியடில் அவர்கள் கற்பது பத்துப் பாடத்துக்குச் சமம்.

மண்ணிலிருந்து வரும் செய்தியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2007 நவம்பரில் இத்தாலியப் பண்பாட்டு அமைச்சரே படங்களைக் காட்டினார்: பாலடைன் குன்றில் அகஸ்டஸ் வீட்டின் அடியில், கேமராவை இறக்கிப் பார்த்ததில், சிப்பியும் மொசைக்கும் பதித்த ஒரு குகைக் கூடம். ஓநாய் ரோமுலஸுக்குப் பாலூட்டிய லூபர்கால் குகை இதுதான் என்று உலகமெங்கும் செய்தி. பிப்ரவரி 15-இல் லூபர்காலியா விழா தொடங்கிய இடம் அது. நிபுணர்கள் சிலர் உடனே மறுத்தார்கள், அது பிற்காலத்து மாளிகையொன்றின் நீரூற்று மண்டபம் என்று. 2020 பிப்ரவரியில் மறுபடி: பழைய செனட் கட்டடத்தின் அடியில் சுமார் 1.4 மீட்டர் நீளக் கல்தொட்டி. 'ரோமுலஸின் கல்லறை' என்று தலைப்புகள். உள்ளே எலும்பு இல்லை. காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. அகழாய்வு நடத்தியவர்களே அதை நினைவிடம் என்றுதான் சொன்னார்கள். அதுவும் புதுக் கண்டுபிடிப்பில்லை. நூறு வருடத்துக்கு முன்பே அகழாய்வாளர் ஜாகோமோ போனி அங்கே தோண்டிப் பார்த்துக் குறித்து வைத்ததுதான்.

விழாக்களைப் பற்றிப் புத்தகம் சொல்வதையும் மண் சொல்வதையும் எதிரெதிரே வைக்க ஒரு நல்ல பாடம் 2025 பிப்ரவரியில் கிடைத்தது. பாம்பேயின் ஒன்பதாம் வட்டாரத்தில் ஒரு விருந்துக் கூடம். மூன்று சுவர்களிலும் சிவப்புப் பின்னணியில் ஏறக்குறைய ஆளுயர உருவங்கள். ஆடும் பெண்கள், வெட்டிய ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட வேட்டைக்காரிகள், குழல் ஊதும் சாட்டிர், நடுவில் தீப்பந்தம் பிடித்த கிழவன் சைலெனஸோடு தீட்சை பெறக் காத்திருக்கும் ஒரு பெண். டயோனிசஸ் என்கிற பேக்கஸின் ஊர்வலம், கி.மு. 40–30-இல் தீட்டியது. இதே பேக்கஸ் விழாக்களைக் கி.மு. 186-இல் செனட் கடுமையாக ஒடுக்கியது. அந்த ஆணையைப் பொறித்த வெண்கலத் தகடு 1640-இல் கலாப்ரியாவில் கிடைத்து இன்று வியன்னாவில் இருக்கிறது. ஆணையை மட்டும் படித்தால் விழா ஒழிந்தது என்று எழுதுவோம். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் பணக்காரர் சாப்பிடும் அறையின் சுவரில் அது ஆடிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக சட்டர்னேலியா. டிசம்பர் 17-இல் தொடங்கும் அந்த விழா நாட்களில் அடிமைகள் எசமானரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், சூதாடலாம், விடுதலை பெற்றவன் அணியும் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொள்ளலாம். மெழுகுவர்த்தியும் மண்பொம்மையும் பரிசு. இதை 'சமத்துவத் திருநாள்' என்று நான் உருகிச் சொல்லியிருக்கிறேன்.     

அந்த உருக்கத்துக்கு எதிரே வைக்க, பாம்பேய் மதிலுக்கு வெளியே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்தில் ஒரு பண்ணை மாளிகை இருக்கிறது. 2021 தொடக்கத்தில் அங்கே நான்கு சக்கர விழா வண்டி ஒன்று கிடைத்தது. வெண்கலமும் வெள்ளீயமும் பதித்து, மன்மதக் குழந்தைகளும் நங்கையரும் செதுக்கியது. திருடர்கள் தோண்டிய சுரங்கம் மயிரிழையில் விலகிப் போயிருந்தது. அதே வருடம் நவம்பரில், அதே மாளிகையில், 16 சதுர மீட்டர் அறை ஒன்று. மூன்று கட்டில்கள். இரண்டு 1.70 மீட்டர், மூன்றாவது 1.40 மீட்டர். மட்கிய மரத்தின் வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்த அச்சில் கட்டிலின் கயிற்றுப் பின்னல்கூடத் தெரிகிறது. கட்டிலுக்கு அடியில் மண்பானைகள், சிறுநீர்ச் சட்டி. மூலையில் ஜாடிகளை அடுக்கியிருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு உயரத்தில் ஒரு சிறு சன்னல். அடிமைக் குடும்பம் ஒன்று இங்கே படுத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மூன்றாவது கட்டில் குழந்தையுடையதாக இருக்கலாம். சட்டர்னேலியா முடிந்த இரவு அவர்கள் திரும்பி வந்து படுத்த அறை இப்படித்தான் இருந்திருக்கும். விழாவைப் பற்றி எழுதியவர்கள் யாரும் இந்த அறையைப் பற்றி எழுதவில்லை. இனி 'சமத்துவத் திருநாள்' என்று சொல்லும்போது அந்த 1.40 மீட்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, நான் கேட்பது பெரிய காரியமில்லை. பலகையில் ஓர் ஆண்டை எழுதினால், அதற்குப் பக்கத்தில் யார் சொன்னது, எதை வைத்து என்று இரண்டு சொல் எழுதுங்கள். தேர்வுக்கு 753-ஐயே எழுதட்டும், மதிப்பெண்ணை யாரும் இழக்க வேண்டாம். ஆனால் 'வாரோ கணக்கு' என்று நோட்டில் இருக்கட்டும். வாரோ என்று ஒருவர் இருந்தார், அவர் கூட்டிக் கழித்தார், அவர் தவறலாம் என்று தெரிந்த பிள்ளை, நாளை தன் ஊரைப் பற்றி, தன் சாதியைப் பற்றி, தன் மொழியைப் பற்றி யாராவது ஒரு பழம்பெரும் ஆண்டை நீட்டினால், கை தட்டுவதற்கு முன் அதே கேள்வியைக் கேட்கும்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ. அவனை நான் உட்கார வைத்தேன். உங்கள் வகுப்பில் எழுந்திருப்பவனைக் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர்

பி.கு.: வீட்டுப்பாடத்துக்கு விடை: மே கலெண்ட்ஸுக்குப் பதினோராம் நாள். பத்து என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணை வெட்டாதீர்கள். எந்த முனையை விட்டுவிட்டாய் என்று மட்டும் கேளுங்கள்.